வாசம் இல்லாத நார்

ஜூன் 4, செவ்வாய்

இன்று திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர் கதிரவன். ஜெனிட்டா சிஸ்டர். இன்ஜினியரிங் காலேஜிலிருந்து வந்த பூங்கோதை, மூக்குக்கண்ணாடி போட்ட சின்னப் பெண். என் மருமகள் வளர்மதி. என் தங்கை இந்திராணி. நான், செவந்தாயி. மொத்தம் ஆறு பேர். பின்னால் ஏழாவதாக யாராவது வந்து நானும் இருந்தேன் என்றால் நம்ப வேண்டாம்.

இந்த நோட்டைக் கொடுத்தது ஜெனிட்டா சிஸ்டர். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் அச்சடித்திருக்கிறது. வலி பத்துக்கு எத்தனை, சர்க்கரை எத்தனை, கட்டு மாற்றியதா இல்லையா. அடியில் ‘குறிப்பு’ என்று நாலு வரி. நாலு வரி எனக்கு எந்த மூலைக்கு?

"கட்டத்துக்கு வெளியிலயும் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"என்ன வேணா எழுதுங்க பாட்டி. மறைக்காம எழுதுனாப் போதும். பத்து வாரம் முடிஞ்சு வாங்கிக்குவோம். நடுவுல நான் நம்பரை மட்டும்தான் பாப்பேன்."

ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். இதற்கு அது போதும்.

எனக்கும் இந்திராணிக்கும் ஒரே வியாதி, சர்க்கரைப் புண். ஒரே இடது கால். எனக்குச் சுண்டுவிரலுக்கு அடியில், அவளுக்குக் குதிகாலில். எனக்கு மாசியில் வந்தது. அவளுக்குப் பங்குனியில். புண்ணில்கூட என் பின்னாலேயே வந்தாள்.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். வாழைப்பட்டையிலிருந்து புண்ணுக்குக் கட்டு செய்திருக்கிறார்களாம். எந்த வாழை நல்லது என்று பார்த்தவர்கள் பயிர் படித்தவர்கள். அதிலிருந்து மயிரிழையைவிட மெல்லிசாக நார் எடுத்தவர்கள் பூங்கோதையின் காலேஜ்காரர்கள். அது புண்ணை ஆற்றுகிறதா என்று பார்ப்பது இந்த ஆஸ்பத்திரி. நாற்பது பேரில் இருபது பேருக்கு வாழைக்கட்டு, இருபது பேருக்குக் கடையில் விற்கிற கட்டு.

"எனக்கு எது?"

"அது எங்களுக்கே தெரியாதும்மா. கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டுக் குடுத்திருக்கு. கடைசியிலதான் பிரிச்சுப் பாப்போம். தெரிஞ்சா நம்ம மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்ல?"

எனக்குப் பதினேழாம் நம்பர் கவர். இந்திராணிக்குப் பதினெட்டு. உள்ளே ஏழேழு வெள்ளைப் பாக்கெட். பாக்கெட்டின்மேல் நம்பர் கிடையாது, கவரின்மேல்தான்.

"எந்த வாழை பாப்பா?" என்று பூங்கோதையைக் கேட்டேன்.

"பூவன், பாட்டி."

பூவன் பட்டையை நாற்பத்தோரு வருஷம் கிழித்த கை இது. குளித்தலை பூக்கடைக்காரர்கள் எல்லாரும் என் நாரில்தான் பூக் கட்டினார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இந்திராணி, "நீங்க என்ன மேஜர்ம்மா?" என்று இங்கிலீஷ் வார்த்தை போட்டுக் கேட்டாள். அந்தப் பெண்ணின் முகம் அவள் பக்கம் திரும்பியது. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஜூன் 6, வியாழன்

வலி 6. சர்க்கரை 194. முதல் கட்டு மாற்றினேன்.

பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே ஏதோ தாள் மாதிரி இருந்தது. சொன்னபடி உப்புத் தண்ணீரில் நனைத்தேன். இளநீர் வழுக்கை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது, அந்தப் பக்கம் கை தெரிகிறது. மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. பிளாஸ்டிக்கை ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆக எனக்குக் கடைக்கட்டு. தெரிந்த கதைதானே.

ஜூன் 8, சனி

வலி 5. கீரை ஆய்ந்தேன். வளர்மதிக்கு ஆயத் தெரியாது, தண்டோடு போடுவாள்.

சாயங்காலம் இந்திராணி வீட்டுக்குப் போனேன், பின்தெருதான். கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கவர் பூக்கூடைக்குள் நார்க்கட்டுக்கு அடியில் கிடந்தது. கைக்கு எட்ட இருக்கட்டும் என்று வைத்தாளாம்.

"எங்க, உன்னுதக் காட்டு."

ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். வெள்ளையாக, இழை இழையாக, அமுக்கினால் மெத்தென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வாழைநார் வாசம் குப்பென்று அடித்தது. வேறு யாராவது ஏமாறலாம். நாற்பத்தோரு வருஷம் அந்த வாசத்தில் புரண்டவள் நான்.

"என்னக்கா மூஞ்சி மாறுது?"

"ஒண்ணுமில்ல. உனக்கு எல்லாம் வாய்க்குதுன்னு பாத்தேன்."

"புண்ணுல என்னத்தக்கா வாய்க்கிறது?" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் எட்டு வயதில் விழுந்த பல் இன்னும் முளைக்காத மாதிரியே இருக்கும்.

நான் கிழித்த நார், அவள் குதிகாலுக்கு.

ஜூன் 12, புதன்

வலி 3. புண் எட்டணா அளவு இருந்தது, நாலணா அளவு ஆகியிருக்கிறது. பத்து நாளாக ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன், அந்தப் புண்ணியம். பிளாஸ்டிக் என்ன செய்யும்?

பெயரில் ஆரம்பித்தது எல்லாம். நான் பிறந்தபோது அப்பாவின் ஆத்தா பேரை வைத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து அவள் பிறந்தபோது, மருத்துவச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கீழே இருந்த பேரை வைத்தார்கள், இந்திராணி. அம்மா பிரசவத்தோடு படுத்துவிட்டாள். தூக்கி வளர்க்க ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் சிலேட்டை வாங்கிப் பரணில் வைத்தார் அப்பா. அன்று அவள் மூன்று மாசப் பிள்ளை. வெள்ளிக்கிழமை. என் இடுப்பில் மூத்திரம் பெய்தாள்.

அந்த இடுப்பில் இருந்தவள் பத்தாவது முடித்தாள். சத்துணவு அமைப்பாளர் ஆனாள். அவளுக்கு எல்லாரும் டீச்சர் என்று பேர் வைத்தார்கள். டீச்சரா அவள்? முட்டை எண்ணினாள்.

ஜூன் 18, செவ்வாய்

திருச்சிக்குப் போனோம். வளர்மதிக்கு வேலை இருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்துக் கோடு வரைந்து அளந்தார்கள். டாக்டர் என் காலைப் பார்த்து, "பேஷ், பாதி ஆயிருச்சே" என்றார். இந்திராணியுடையது கொஞ்சம்தான் குறைந்திருந்ததாம். அதில் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். ஒரு நிமிஷம்தான், கடிகாரம் எதிரிலேயே இருந்தது.

பூங்கோதை வந்தாள். இந்திராணியின் நோட்டைக் கையில் எடுத்தாள். "ஐயோ, எவ்வளவு அழகான கையெழுத்து! சிஸ்டர், பாருங்களேன், முத்து முத்தா எழுதியிருக்காங்க." ஒரு பக்கத்தைச் சத்தமாக வேறு வாசித்தாள். "‘காலையில் கட்டைப் பிரித்தபோது புண் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.’ பாட்டி, நீங்க கதை எழுதலாம்!"

என் நோட்டும் மேஜைமேல்தான் இருந்தது. ஜெனிட்டா சிஸ்டர் நம்பரைக் குறித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள், அவ்வளவுதான். வரி கோணலாகப் போகும் எனக்கு. சிலேட்டைப் பரணில் வைத்தால் அப்படித்தான் போகும்.

புதுக் கவர் கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இந்திராணி ஜன்னலோரம் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு. அவள் பை என் மடியில் இருந்தது. என் பையும் என் மடியில் இருந்தது. பேட்டைவாய்த்தலைக்கு அப்புறம் நல்ல காற்று.

வேறு குறிப்பு இல்லை.

ஜூன் 20, வியாழன்

வலி 3. கட்டு மாற்றினேன்.

இப்போது என் கட்டு இழை இழையாக இருக்கிறது. கம்பெனி மாற்றிக் கொடுத்திருப்பார்கள். மெத்தென்று இருக்கிறது. இதுதான் நார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் தோப்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 22, சனி

வலி 4. கட்டு புண்ணோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன்.

ஜூன் 26, புதன்

வலி 5. ஒட்டுகிறது. பிய்த்தால் ரத்தம். வேலை செய்கிறது என்று அர்த்தம், கெட்டதை இழுக்கிறது.

வளர்மதி எட்டிப் பார்த்து, "அத்தே, இது முன்னவிட செவந்திருக்கே" என்றாள். போய் அடுப்பைப் பார் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

டாக்டர் பேஷ் சொல்லவில்லை. "அப்படியே நிக்குதேம்மா. செருப்பு நாங்க குடுத்ததுதான போடுறீங்க?" என்று நாலு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். செருப்பு விஷயத்தில் அது நிஜம்.

இந்திராணியுடையது பாதிக்குமேல் ஆறிவிட்டது. பூங்கோதை அவள் குதிகாலைப் போட்டோ எடுக்கும்போது சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, தன் சொந்தப் பாட்டி மாதிரி. நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்தேன், பத்தடிகூட இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் இந்திராணியே பையை நீட்டினாள். "இந்தாக்கா, நீ வச்சுக்க. எனக்குத் தூக்கம் வருது."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அவள் வாய் மூடியிருந்தது.

ஜூலை 6, சனி

வலி 6. சர்க்கரை 231. ஊறவைத்த அரிசியை ஆட்டினேன், உட்கார்ந்தபடியே.

1977-இல் ஆடிப்பெருக்குக்கு நான் வாங்கிய நீல ரிப்பனை ஒரு நாள் கேட்டு வாங்கினாள். காவிரியில் விட்டுவிட்டு வந்தாள். "தானாப் போயிருச்சுக்கா" என்றாள். ரிப்பன் தானாகப் போகுமா? இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. எப்போதும்தான் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

வலி 7. ஓரத்தில் கறுப்பு. நாற்றம். இது நாரின் வாசம் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

இந்திராணி கைத்தடி இல்லாமல் நடந்து வந்தாள். சுண்டைக்காய் வத்தல் கொண்டுவந்தாள். என் கால் பக்கம் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?"

"வத்தல்ல உப்பு ஜாஸ்தி. அதத் தவிர வேற என்ன வேணா சொல்லு."

எழுந்தாள். சொல்லாமலே போய்விட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் என்னைத் திட்டினார். மாத்திரை மாற்றினார். ஒரு வாரத்தில் வரச் சொன்னார். இந்திராணிக்குச் சுண்டைக்காய் அளவுதான் பாக்கி.

நான் கிழித்த நார் என்னைக் கைவிடாது. அவளுக்குப் பிளாஸ்டிக்கிலேயே ஆறுகிறது என்றால் அது அவள் ஜாதகம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். பை என் மடியில்.

ஜூலை 25, வியாழன்

நேற்று முன்தினம் காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். நேற்றுக் காலை இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

வலி எத்தனை என்று ஜெனிட்டா கேட்டாள். இல்லாத விரலுக்குக் கட்டம் இருக்கிறதா என்றேன். அவள் அழுதுவிட்டாள். கெட்ட பெண் இல்லை.

இந்திராணி இரண்டு நாளாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய்க் கஞ்சி வாங்கிவருகிறாள். டக் டக் என்று குதிகாலை ஊன்றி நடக்கிற சத்தம் வார்டு முழுக்கக் கேட்கிறது. மெதுவாக நட என்றேன். சத்தத்துக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 27, சனி

பூங்கோதை வந்தாள். இந்திராணி குளிக்கப் போயிருந்த நேரம். முதல்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவே வந்ததாகச் சொன்னாள்.

"பாட்டி, எனக்குத் தூக்கமே வரல. முதல் ரெண்டு வாரம் நாப்பது பேர்லயே உங்களுக்குத்தான் வேகமா ஆறுச்சு. அப்புறம் ஏன் இப்படின்னு புரியல. ஒருவேளை எங்க கட்டுதான் உங்களுக்கு இருந்து, அதுதான் இப்படிப் பண்ணிருச்சோன்னு..."

ஐந்து வருஷமாக அதையே செய்துகொண்டிருக்கிறாளாம். பட்டையை உரித்து, வேகவைத்து, அரைத்து, ஊற்றி, காயவைத்து. அவள் விரலைப் பார்த்தேன். நகத்தோரம் கறை. வாழைக்கறை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என் விரலிலும் இருக்கிறது. இத்தனை நாள் அவள் விரலை நான் பார்க்கவில்லை.

"எனக்குத்தான் இனிமே கட்டு கிடையாதே. உன் நாரைக் கொஞ்சம் காட்டேன் பாப்பா. ஒரு தடவை."

பையிலிருந்து சின்னக் கண்ணாடித் தட்டை எடுத்தாள். அதில் ஒரு தாள் இருந்தது.

எடுத்து மோந்து பார்த்தேன்.

"வாசமே இருக்காது பாட்டி. நாலு தடவை வேகவச்சு வெளுத்துருவோம். வாழையோட வாசம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புண்ணுல வைக்கக் கூடாது." தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள். தாள் வழவழவென்று ஆனது. இளநீர் வழுக்கை. அந்தப் பக்கம் அவள் விரல் தெரிந்தது.

தாளை வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

"அப்ப அந்த இன்னொண்ணு? இழை இழையா, மெத்துன்னு இருக்குமே?"

"அது கடையில விக்கிறது பாட்டி. கடல்பாசியில செய்யறது." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் கண் பெரிசாக இருந்தது. "பாட்டி, உங்களுக்கு எப்படி ரெண்டும் தெரியும்?"

"இந்திராணியோடதப் பாத்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனாலும் தலையணையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

பூக்கூடை. நார்க்கட்டுக்கு அடியில் கிடந்தது கவர். நான் மோந்தது அந்தப் பூநாரின் வாசத்தை. நானே எழுதியிருக்கிறேன், ஜூன் எட்டாம் தேதிப் பக்கத்தில். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு அது கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

வீட்டுக்கு வந்து நாலு நாள். ஆடிப்பெருக்கு. தெருவே காவிரிக்கு, கடம்பந்துறைக்குப் போனது. இந்திராணியும் போனாள், தன் காலால் நடந்து. போகும்போது என் வாசலில் நின்றாள்.

"உனக்கும் சேத்துக் கும்பிட்டு வர்றேன்க்கா."

"எனக்கு நான் கும்பிட்டுக்கறேன். போடி."

போனபிறகு சர்க்கரைப்பொங்கல் வாசம் தெருவெல்லாம். இரண்டு வாய் மட்டும் தின்றேன், எழுதிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால், பதினேழாம் நம்பர் வாழைக்கட்டு போட்டு விரலை இழந்தவள் என்று எழுதுவார்கள். பதினெட்டு கடல்பாசியில் குணமானவள். அந்தப் பெண் ஐந்து வருஷமாக வேகவைத்த பட்டைக்கு என் சுண்டுவிரல் பழியாக நிற்கும். நாளைக்கு எவளோ ஒருத்திக்கு அந்தக் கட்டு கிடைக்காமல் போகும்.

வாயைத் திறந்தால், தங்கையின் பையைத் திறந்த அக்காள். பத்து அடி தள்ளிப் பெஞ்சில் உட்காரவும் எனக்கு யோக்கியதை இருக்காது.

ஆகஸ்ட் 7, புதன்

மாற்றியது நான். ஜூன் 18, ஜூலை 2, ஜூலை 16. மூன்று தடவை. இந்திராணியின் கவரைத் திறந்து உள்ளே இருந்த ஏழு பாக்கெட்டை எடுத்து என் கவரில் போட்டு, என்னுடைய ஏழை அவள் கவரில் போட்டேன். எழுதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை நோட்டைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்வேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெனிட்டா நோட்டுக்காக நிற்கிறாள். நின்றுகொள்ளட்டும்.

முதலில் இந்திராணியைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். கோலை ஊன்றிக்கொண்டு போனேன். டாக்டர், ஜெனிட்டா, பூங்கோதை, மூன்று பேர் முகமும் சரியில்லை. இந்திராணி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க தங்கச்சி ஒரு விஷயம் எழுதிக் குடுத்திருக்காங்க. கேட்டா உங்களுக்குக் கோவம் வரும். வயசானவங்க, தெரியாம செஞ்சிட்டாங்க, பெரிய மனசு பண்ணி..."

ஜெனிட்டா வாசித்தாள். முத்து முத்தான கையெழுத்து. ‘என் அக்காவுக்குக் கொடுத்த கட்டுகளை முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, என்னுடையதை அவர் கவரில் வைத்தேன். என் அக்காவின் விரல் போனதற்கு நானே காரணம். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.’

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னதே பெரிய விஷயம் பாட்டி. யாரு இப்படி ஒத்துக்குவாங்க?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்திராணியின் கையை! எனக்கு வந்ததே ஒரு ஆங்காரம்.

"ஏய் இந்திரா! நான் செஞ்சத நீ எப்படிடி எழுதலாம்?"

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இரு. டாக்டரே, இவ பொய் சொல்றா. மாத்துனது நான்."

"இல்ல சார், நான்தான்."

"முதல் நாள்லேருந்தாம்! ஆறாந்தேதி என் பாக்கெட்டப் பிரிச்சப்ப வழவழன்னு இருந்துச்சே, அது எங்கேருந்து வந்துச்சு, உன் மாமியார் வீட்டுச் சீரா? ஜூன் பதினெட்டு, செவ்வாக்கிழமை. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. பேட்டைவாய்த்தலை தாண்டிட்டோம். உனக்கு வாய் தொறந்திருந்துச்சு. ஊதாக் கண்டாங்கி கட்டியிருந்த. உன் பையில ஒரு கொய்யாப்பழம், பாதி கடிச்சது. நீ மாத்துனவன்னா சொல்லு, என் பையில என்ன இருந்துச்சு?"

இந்திராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மோர் பாட்டில். தெரியலல்ல? நான்தான் மாத்துனேன்னு எழுதிக்கங்க டாக்டரே."

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "திருட்ட நான்தான் பண்ணேன்னு ரெண்டு பேர் அடிச்சுக்கறத இப்பத்தான்மா பாக்கறேன்."

பூங்கோதைதான் முதலில் எழுந்தாள். "சார், தேதி முக்கியம் சார். முதல் ரெண்டு வாரம் இவங்களுக்குச் சரியான கட்டு இருந்திருக்கு. அதுல பாதி ஆறியிருக்கு. பதினெட்டாம் தேதிக்கப்புறம்தான்..." என்னிடம் திரும்பினாள். "பாட்டி, உங்க நோட்டக் குடுங்க. ஒவ்வொரு தடவையும் எந்தத் தேதி, எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களா?"

"இழை ஒட்டுனது, ரத்தம் வந்தது, கறுத்தது, எல்லாம் இருக்கு. எழுத்து கோணலா இருக்கும்."

"கோணலா இருந்தா என்ன பாட்டி, எல்லாம் இருக்கே!" என்றாள். என் கையைப் பிடிக்கவில்லை. முழங்காலில் கை வைத்தாள். அதுவும் சரிதான்.

எங்கள் இரண்டு பேரையும் கடைசிக் கூட்டலில் சேர்க்க முடியாதாம். நடந்ததைத் தனியாக எழுதி வைப்பார்களாம். டாக்டர் என்னைத் திட்டினார், நல்ல திட்டு, ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு உரியதுதான், வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"புதுக் கவர்ல முதல் பாக்கெட் பிரிச்சப்பவே. என்னுது இழையா இருந்துச்சு, திடீர்னு வழுக்குச்சு. தெரியாதாக்கா?"

"அப்புறம் ஏண்டி வாயத் தொறக்கல? ஜூலை ரெண்டாந்தேதி நீயே பையக் குடுத்த."

தலையைக் குனிந்துகொண்டாள். "ஆறுச்சுக்கா. சொன்னா நின்னுருமேன்னு பயம். உன் காலு கறுத்தப்பச் சொல்லணும்னுதான் வந்தேன், அன்னிக்கு வத்தலோட. நீ உப்பு ஜாஸ்தின்ன. வாய் வரல." அப்புறம், "நீ பரிச்சை எழுதாம என்னைத் தூக்குன. எங்கிட்ட இருந்து நீ ஒண்ணு எடுத்துக்கிட்டேன்னா எடுத்துக்கிட்டுப் போயேன்னும் நெனச்சேன். ரெண்டுந்தான்க்கா" என்றாள்.

அவளுக்கு அந்தப் பரீட்சை தெரியும் என்று அறுபது வருஷமாக எனக்குத் தெரியாது. நான் அவளிடம் சொன்னதே இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது: ‘இந்த ஆய்வின்போது யார் மீதாவது உங்களுக்குப் புகார் இருந்தால் பெயரைக் குறிப்பிடவும்.’ இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். போதாது.

டாக்டர்மேல் புகார் இல்லை. ஜெனிட்டாமேல் இல்லை. கையெழுத்தைப் புகழ்ந்த பூங்கோதையை மன்னித்தேன். சிலேட்டைப் பரணில் வைத்த அப்பாவை, செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, போகட்டும். நீல ரிப்பனை விட்டுவிட்டேன். சுண்டுவிரலையும் விட்டுவிட்டேன், அது நானே போக்கிக்கொண்டது.

ஆனால் என்னுடையது என்று நான் முழுசாகச் செய்த ஒரே தப்பு இது. அதையும் என் இடுப்பிலிருந்து இறங்கிப் போய், எனக்கு முன்னால் உள்ளே போய், என்னைவிட நல்ல கையெழுத்தில் தன் பேருக்கு எழுதிக்கொள்ளப் பார்த்தாளே, அவளை மன்னிக்க மாட்டேன். இப்போது என் செருப்பு வாரை மாட்டிவிடக் குனிந்திருக்கிறாள். அதற்காகவும் மன்னிக்க மாட்டேன்.

பெயர்: இந்திராணி.